கோபுரத்துக்கு நடுவாசம் வேண்டாம்: டாரட் சீட்டுகளை வைத்து வாசனை செய்த பதிவு

டாரட் என்பது பலன் பார்க்கப் பயன்படுத்தும் படச் சீட்டுக்கட்டு. அதில் கோபுரம் என்ற சீட்டுக்கான வாசனை ஒருவழியாகச் சரியாக வந்துவிட்டது. துறவி, நிலவு என்ற மற்ற இரண்டு சீட்டுகளின் வாசனையும் முன்பே முடிந்து குப்பியில் இருக்கின்றன. கோபுரம் மட்டும் இழுத்துக்கொண்டே போனது. அது ஏன் இழுத்தது, எதை எடுத்த பிறகு சரியானது என்பதை அளவுகளோடு எழுதி வைத்தால், இயற்கை எண்ணெய்களை மட்டும் வைத்து வாசனை செய்து பார்ப்பவர்களுக்கு உதவும்.

நான் வைத்துக்கொண்ட சீட்டுக்கட்டு 1909-இல் லண்டனில் வில்லியம் ரைடர் நிறுவனம் வெளியிட்டது. ஆர்தர் எட்வர்ட் வெயிட் திட்டமிட, பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்தார். 78 சீட்டுகளில் பெரிய சீட்டுகள் 22. ஒவ்வொன்றிலும் ஒரு ஆளோ ஒரு நிகழ்வோ இருக்கிறது: விளக்கேந்திய துறவி, மின்னல் விழுந்த கோபுரம், நிலவைப் பார்த்து ஊளையிடும் நாயும் ஓநாயும். சீட்டு பார்த்துப் பலன் சொல்லும் பக்கம் நான் போகவில்லை. இந்தப் படங்கள் மனிதர் வாழ்வில் திரும்பத் திரும்ப வரும் நிலைகளை அப்படியே பிடித்து வைத்திருக்கின்றன. அந்த நிலையை மூக்கு வழியாகவும் சொல்ல முடியுமா என்று பார்ப்பதுதான் வேலை.

முதலில் கருவிகள். எல்லாவற்றிலும் முக்கியம் தராசு. நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பது போன்ற, 0.001 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு 2,100 ரூபாய்க்குக் கிடைத்தது. சொட்டுக் கணக்கில் செய்யும் குறிப்புகள் நிறைய உண்டு. அவற்றை நம்ப வேண்டாம். வெட்டிவேர் எண்ணெய் தேன்போல் கெட்டி, பெர்கமாட் என்ற எலுமிச்சை வகையின் எண்ணெய் தண்ணீர்போல் ஓடும். இரண்டின் ஒரு சொட்டும் ஒரே எடையில் இருக்காது. டிராப்பர் மாறினாலே அளவு மாறும். எடைதான் வழி.

இந்தத் தராசுக்கு இரண்டு குணம் உண்டு. ஃபேன் ஓடினால் எண் நிற்காது, ஆகவே ஃபேனை அணைத்துவிட்டு வேர்த்தபடியேதான் எடை போட வேண்டும். இன்னொன்று, மிக மெதுவாக ஊற்றினால் விலை குறைந்த தராசுகள் அந்தச் சின்னக் கூடுதலைக் கணக்கில் எடுக்காமல் பூஜ்யத்திலேயே நின்றுவிடும். அதனால் ஒவ்வொரு தடவை ஊற்றிய பிறகும் குப்பியைத் தூக்கி மறுபடி வைத்து எண்ணைப் பார்க்கிறேன். தராசின் உச்ச எடை 50 கிராம்தான். கனமான பீக்கர் வைத்தால் தாண்டிவிடும். சின்னக் கண்ணாடிக் குப்பியிலேயே நேராகக் கலப்பது நல்லது.

முகர்ந்து பார்க்கும் காகிதத்துக்குக் காசு செலவழிக்க வேண்டாம். வாட்டர்கலர் ஓவியத்துக்கான 300 ஜிஎஸ்எம் தாளை விரல் நீளத்துக்கு ஒல்லியாக நறுக்கினால் போதும். ஒவ்வொரு தாளிலும் பெயர், நனைத்த நேரம் இரண்டையும் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை தானே ஒரு வாசனை.

அடுத்து, எண்ணெய்களை எதில் கரைப்பது. பிரித்தெடுத்த (ஃபிராக்‌ஷனேட்டட்) தேங்காய் எண்ணெயில்தான் தொடங்கினேன். உறையாது, மணம் இல்லை, எங்கும் கிடைக்கும். எலுமிச்சை வகைகளும் மிளகும் அதில் நன்றாகவே கரைந்தன. லாப்டனம் என்ற செடிப் பிசின் கரையவில்லை, குப்பியின் அடியில் கறுப்புப் பிசினாக ஒட்டிக்கொண்டது. சாம்பிராணியும் அப்படியே. இது எண்ணெயின் தரக் குறை கிடையாது, பிசின்களின் இயல்பே இப்படித்தான். மூன்று சீட்டுகளின் வாசனையிலும் கடைசி வரை தங்கும் பகுதிக்குப் பிசினோ அப்சல்யூட்டோ (கரைப்பான் வைத்துப் பூ போன்றவற்றிலிருந்து எடுக்கும் கெட்டிச் சாறு) வேண்டியிருந்ததால் ஆல்கஹாலுக்கு மாறினேன். அழகுசாதனத் தயாரிப்புக்கென்று விற்கும் பெர்ஃப்யூமர்ஸ் ஆல்கஹால், 500 மில்லி 700 ரூபாய். பெயிண்ட் கடையில் விற்கும் ஸ்பிரிட்டைத் தொடவே தொடாதீர்கள். அதில் மெத்தனால் இருக்கலாம். தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போகும் விஷம் அது. நான் வாங்கிய ஆல்கஹால், அதாவது எத்தனால், அறை வெப்பத்திலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை விடும் என்பதால் சமையலறையில் கலப்பதும் கூடாது. நான் பின்பக்க வராந்தாவில் மேசை போட்டுக்கொண்டேன்.

கெட்டிப் பிசின்களை முதலிலேயே ஆல்கஹாலில் சரிபாதியாகக் கரைத்து வைத்துக்கொண்டேன். குப்பியை வெந்நீரில் நிறுத்தி இளக்கிய பிறகு எடுத்தால் வேலை சுலபம். ஆல்கஹாலை மட்டும் வெந்நீர் பக்கம் கொண்டுபோகக் கூடாது, பிசின் ஆறிய பிறகுதான் ஊற்ற வேண்டும். கீழே நான் கொடுக்கும் எடைகள் தூய பொருளின் எடை. பாதிக் கரைசலாக ஊற்றினால் இரட்டிப்பு ஊற்றி, அந்தக் கூடுதல் ஆல்கஹாலைக் கடைசியில் கழித்துக்கொள்ளுங்கள்.

சரி, வாசனைக்கு வருவோம்.

முதலில் தோன்றிய வழி, சீட்டில் வரைந்திருக்கும் பொருளை எடுத்துக் குப்பியில் போடுவது. சூரியன் சீட்டில் வெள்ளைக் குதிரை மேல் ஒரு குழந்தை, பின்னால் மதில், மதிலுக்கு மேல் சூரியகாந்திப் பூக்கள். சூரியகாந்திப் பூவுக்கு வாசனை என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. சரி, வெளிச்சமாக இருக்கட்டும் என்று ஆரஞ்சு, மாண்டரின், கொஞ்சம் இஞ்சி சேர்த்தால் அது கமர்கட்டு, ஆரஞ்சு மிட்டாய் விற்கும் பெட்டிக்கடை வாசனையாக நின்றது. அரை மணி நேரத்தில் அதுவும் போய்விட்டது. சூரியனை அப்படியே ஓரம் வைத்துவிட்டேன்.

இன்னொரு வழி, ஏற்கெனவே இருக்கும் பட்டியல்களைப் பின்பற்றுவது. 1888-இல் லண்டனில் தொடங்கிய கோல்டன் டான் என்ற மறைஞான சங்கத்தின் வழியில் வந்தவர்கள் ஒவ்வொரு சீட்டையும் ஒரு கிரகத்தோடோ ராசியோடோ இணைத்தார்கள். கிரகத்துக்கு ஒரு தூபம், ஒரு செடி, ஒரு கல் என்று அட்டவணையும் போட்டார்கள். வெயிட், ஸ்மித் இருவருமே அந்தச் சங்கத்தில் இருந்தவர்கள். அதன்படி கோபுரம் செவ்வாய்க்கு உரியது, செவ்வாய்க்கு மிளகும் காரமான மணங்களும். இது கடைசி வரை எனக்குக் கைகொடுத்தது. சந்திரனுக்குக் கற்பூரம் என்றிருந்தது. அங்கேதான் சறுக்கியது. அந்த முறையில் சந்திரன் என்ற கிரகத்துக்கு உரிய சீட்டு தலைமைப் பூசாரிணி. நிலவு என்ற சீட்டு மீன ராசிக்கு உரியது. பெயரைப் பார்த்து இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு நிலவுக்குக் கற்பூரம் போட்டேன். அட்டவணையைச் சரியாகப் படித்திருந்தாலும் கற்பூரம் நமக்கு உதவியிருக்காது. ஒரு துளி கற்பூரம் பட்டால் போதும், தமிழ் மூக்குக்குத் தீபாராதனைத் தட்டு கண்ணெதிரே வந்துவிடும், அல்லது கால்வலித் தைலம். லண்டனில் இருந்தவர்களுக்கு அது குளிர்ந்த வெள்ளை மணமாக இருந்திருக்கலாம். ஒரு வாசனை என்ன சொல்கிறது என்பது முகர்பவர் எங்கே வளர்ந்தார் என்பதைப் பொறுத்தது. பட்டியலை எடுத்து அப்படியே பயன்படுத்த நினைப்பவர்கள் இதை முதலில் கணக்கில் எடுக்க வேண்டும்.

வழி திறந்தது துறவி சீட்டில். 1909 சீட்டில் பனிமலை உச்சியில் சாம்பல் நிற அங்கியோடு ஒரு கிழவர் நிற்கிறார், கையில் விளக்கு, அதற்குள் ஆறுமுனை நட்சத்திரம். இந்தச் சீட்டுகள் பிறந்த இடம் 15-ஆம் நூற்றாண்டு வட இத்தாலி. அப்போது அவை விளையாட்டுச் சீட்டுகள்தான். மறைபொருள் எல்லாம் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சில் ஏற்றப்பட்டது. மிலன் ஆட்சியாளர் குடும்பத்துக்காகத் தங்கத் தகடு ஒட்டிக் கையால் வரைந்த விஸ்கோன்டி ஸ்ஃபோர்ஸா சீட்டுக்கட்டில் அந்தக் கிழவர் கையில் விளக்கு இல்லை, மணற்கடிகாரம் இருக்கிறது. அவர் அங்கே காலத்தின் உருவம்.

அதைப் பார்த்ததும் வேலை வேறு திசையில் திரும்பியது. வாசனையும் நேரத்தில் ஓடும் பொருள். தோலில் பட்ட கணத்தில் ஒன்று, அரை மணியில் ஒன்று, மாலையில் வேறொன்று. டாப் நோட், ஹார்ட் நோட், பேஸ் நோட் என்று சொல்வதை மேல்வாசம், நடுவாசம், அடிவாசம் என்று எழுதுகிறேன். லேசான மூலக்கூறுகள் முதலில் பறக்கும், கனமானவை கடைசி வரை தங்கும், அவ்வளவுதான் விஷயம். ஆக, சீட்டில் என்ன பொருள் இருக்கிறது என்று பார்ப்பதை விட்டுவிட்டு, சீட்டில் என்ன நடக்கிறது, அது எந்த வேகத்தில் நடக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தேன். துறவியிடம் எதுவும் அவசரமாக நடப்பதில்லை. நிலவில் எதற்கும் எல்லை தெரிவதில்லை. கோபுரத்தில் இருந்தது ஒரே கணத்தில் இல்லாமல் போகிறது. மூன்றும் மூன்று விதமான கால ஓட்டங்கள்.

துறவிக்கு மேல்வாசமே வேண்டாம் என்று முடிவு செய்தேன். 2 கிராம் கலவையில் வெட்டிவேர் எண்ணெய் 0.60, குந்துருக்க (ஃபிராங்கின்சென்ஸ்) எண்ணெய் 0.40, மிட்டி அத்தர் 0.40, இமயமலைத் தேவதாரு 0.30, லாப்டனம் 0.12, கஸ்தூரி வெண்டை விதை 0.10, சாம்பிராணி 0.08. இதில் 8 கிராம் ஆல்கஹால். குந்துருக்கம் மட்டும் ஆரம்பத்தில் பத்து நிமிடம் குளிர்ந்த காற்றுபோல் வீசிவிட்டு அடங்கும். பனிமலைக்கு அது பொருத்தம்.

யோசிக்க வைத்தது விளக்கு. முதலில் விளக்குக்காக எலுமிச்சை வைத்தேன். கால் மணியில் அணைந்துவிட்டது. அணைகிற விளக்கு துறவியின் விளக்காக இருக்க முடியாது. அடிவாசத்திலேயே வெளிச்சமான பொருள் எது என்று தேடியபோது கஸ்தூரி வெண்டை கிடைத்தது. நம் வெண்டையின் இனம்தான். விதையிலிருந்து எடுக்கும் எண்ணெய்க்குப் பேரிக்காயும் மென்மையான கஸ்தூரியும் கலந்த மணம், செடியிலிருந்து கிடைப்பவற்றில் கஸ்தூரிக்கு மிக நெருக்கம். இது மெல்ல எழுந்து மறுநாள் வரை நிற்கிறது. விலைதான், 1 கிராம் 1,300 ரூபாய். ஆனால் 0.10 கிராமே வேலையைச் செய்துவிடுகிறது.

மிட்டி அத்தர் பற்றி ஒரு எச்சரிக்கை. உத்தரப்பிரதேசத்தின் அத்தர் ஊரான கன்னோஜில் சுட்ட களிமண்ணைச் செம்பு அண்டாவில் போட்டுக் காய்ச்சி, அந்த ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்குவது பழைய முறை. முதல் மழை மண்வாசனை அப்படியே இருக்கும். சந்தனம் எட்டாத விலைக்குப் போன பிறகு லிக்விட் பாரஃபின் போன்றவற்றில் இறக்கியதும் சந்தையில் உண்டு. நான் முதலில் வாங்கியது அந்த வகை. ஆல்கஹாலில் ஊற்றியதும் பால்போல் கலங்கி, மறுநாள் எண்ணெய் முத்துகளாக அடியில் தங்கிவிட்டது. அந்தக் குப்பியில் இருந்த வெட்டிவேரும் கஸ்தூரி வெண்டையும் சேர்ந்து வீண். இப்போது எந்த அத்தரை வாங்கினாலும் 1 மில்லி ஆல்கஹாலில் ஒரே ஒரு சொட்டு விட்டுப் பார்க்கிறேன். தெளிவாக இருந்தால் உள்ளே, கலங்கினால் வெளியே. சந்தனத்தில் இறக்கிய மிட்டி அத்தர் 5 மில்லி 2,500 ரூபாய் ஆயிற்று.

நிலவு மூன்றிலும் எனக்கு மிகப் பிடித்தது. சீட்டில் குளத்திலிருந்து ஒரு நண்டு வகை உயிர் கரையேறுகிறது, நாயும் ஓநாயும் மேலே பார்க்கின்றன, தூரத்தில் இரண்டு கோபுரங்கள், நடுவே ஒரு பாதை. வீட்டு விலங்கு எது, காட்டு விலங்கு எது என்று அந்த வெளிச்சத்தில் சட்டென்று பிரிக்க முடியாது. வாசனையும் அப்படித்தான் வேண்டும்: மேல், நடு, அடி என்று பிரிக்க முடியாமல் எல்லாமே நடுவாசமாக.

இதற்கு நம் ஊர்ப் பூக்களைவிடப் பொருத்தம் எதுவும் கிடையாது. மதுரை, சத்தியமங்கலம் வட்டாரத்து மல்லியிலிருந்து எடுக்கும் அப்சல்யூட் உலகம் முழுக்க வாசனை நிறுவனங்களுக்குப் போகிறது. நான் இரண்டு மல்லியை வைத்தேன். குண்டுமல்லி அப்சல்யூட்டில் பச்சைத் தேயிலை வாடையும், அதன் கீழே இண்டோல் என்ற பொருளால் வரும் விலங்குத்தனமான நெடியும் உண்டு. சாதிமல்லி இன்னும் இனிப்பு, பழச்சாயல். இரண்டும் சேரும்போது பூ எங்கே முடிகிறது, விலங்கு எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. நாயும் ஓநாயும் அங்கேயே வந்துவிட்டன.

அளவு: குண்டுமல்லி 0.35 கிராம், சாதிமல்லி 0.15, சந்தனம் 0.40, பெர்கமாட் 0.25, வெட்டிவேர் 0.20, கஸ்தூரி வெண்டை 0.10, மரிக்கொழுந்து 0.05. மொத்தம் 1.50 கிராம். மரிக்கொழுந்து எண்ணெய் ஆளுக்கு ஆள் தோலில் வேறு வேறாக விரியும் என்று வாசனை செய்பவர்கள் சொல்வார்கள். என் கையில் உலர்ந்த ஆப்ரிகாட் மாதிரி வந்தது, தங்கையின் கையில் மூலிகையாக நின்றது. நிலவுக்கு இந்த நிலையில்லாமை வேண்டும்.

குளம் மட்டும் மிச்சம். கடற்பாசி அப்சல்யூட் போட்டால் மீன் கூடைதான் நினைவுக்கு வந்தது. கடைசியில் கன்னோஜின் இன்னொரு சரக்கு உதவியது: சோயா நக். கடற்சிப்பி ஓடுகளை மண்பானையில் சுட்டு வடிக்கும் எண்ணெய். புகையும் உப்பும் ஈரமும் ஒரே மணத்தில் இருக்கும், மிகக் காட்டம். 1 சதவீதக் கரைசலாக்கி அதில் 0.20 கிராம் மட்டும். அதாவது தூய எண்ணெய் 2 மில்லிகிராம். இதைத் தாண்டினால் மல்லி இறந்துவிடும். மீதி ஆல்கஹால் 8.30 கிராம். கலந்த அன்று முகர்ந்தால் துண்டு துண்டாகத்தான் இருந்தது. நான்கு வாரம் இருட்டில் வைத்த பிறகுதான் ஒன்றாகக் கூடியது. அப்சல்யூட்டிலிருந்து மெழுகு பிரிந்து அடியில் படிந்ததால் ஒரு நாள் ஃபிரிட்ஜில் வைத்து, ஃபில்டர் காபிக்கான காகித வடிகட்டியில் வடித்தேன்.

இனி கோபுரம்.

சீட்டில் மின்னல் கோபுரத்தின் தலையில் விழுகிறது. உச்சியில் இருந்த கிரீடம் பறக்கிறது, ஜன்னல்களில் தீ, இரண்டு பேர் தலைகுப்புற விழுகிறார்கள். தீயைப் பார்த்ததும் எல்லாரையும்போல நானும் புகையைத் தேடிப் போனேன். கேட் எண்ணெய் என்பது மத்தியதரைக் கடல் பகுதியில் வளரும் ஒரு ஜூனிபர் மரத்தைச் சுட்டு வடிப்பது. சுத்திகரித்ததைத்தான் வாங்க வேண்டும். சுத்திகரிக்காததை வாசனைப் பொருள்களில் சேர்க்க சர்வதேச நறுமண சங்கமான இஃப்ரா தடை விதித்திருக்கிறது. அதை 2 கிராம் கலவையில் 0.10 போட்டேன். அதோடு கிரேப்ஃப்ரூட், மிளகு, நடுவில் ஜெரேனியமும் கிளாரி சேஜும், அடியில் வெட்டிவேர், லாப்டனம்.

எரிந்த வீட்டின் வாசனை அப்படியே வந்தது. முதல் நிமிடம், மூன்றாவது மணி நேரம், மறுநாள் காலை, எப்போது முகர்ந்தாலும் அதே எரிந்த வீடு. கேட் எண்ணெயின் புகை மூலக்கூறுகள் தொடக்கத்திலிருந்தே மூக்குக்குத் தெரியும், கடைசி வரை போகாது. அதனால் இதில் எதுவும் இடிவதில்லை. முதலிலேயே இடிந்து கிடக்கிறது. கோபுரம் என்றால் முதலில் ஒன்று நிமிர்ந்து நிற்க வேண்டுமே.

கேட்டைக் குறைத்தேன். 0.05, பிறகு 0.02. புகை இறங்க இறங்க ஜெரேனியமும் கிளாரி சேஜும் மேலே வந்து எல்லாவற்றையும் அழகாக இணைத்தன. தங்கையிடம் கையை நீட்டினேன். “அக்கா, நல்லாதான் இருக்கு. ஆனா இது ஆபீஸ் போற ஆம்பளைங்க போடுற சென்ட்டு” என்றாள். அவள் சொன்னதுதான் நோய் எங்கே என்று காட்டியது. நல்ல வாசனை செய்வதற்கான முதல் பாடமே மேல்வாசத்திலிருந்து அடிவாசத்துக்குத் தடங்கல் தெரியாமல் இறங்க நடுவாசம் என்ற படிக்கட்டு வேண்டும் என்பது. அந்தப் படிக்கட்டை நான் ஒழுங்காகக் கட்டி வைத்திருந்தேன். கோபுரத்திலிருந்து விழுபவர்கள் படிக்கட்டில் இறங்குவதில்லை.

ஜெரேனியத்தையும் கிளாரி சேஜையும் முழுதாக எடுத்துவிட்டேன். இப்போது நடுவில் வெற்றிடம். ஆனால் இன்னொரு சிக்கல்: அடிவாசம் என்பது கடைசியில்தான் வரும் என்று நாம் நினைக்கிறோம், உண்மையில் வெட்டிவேர் முதல் நொடியிலிருந்தே மூக்குக்குத் தெரிகிறது. மேல்வாசம் அதை முழுக்க மறைத்தால்தான், அது விலகும்போது விழுந்த உணர்வு வரும். வழக்கமாக மேல்வாசம் கலவையில் கால்பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒன்று. நான் பாதிக்கு மேல் ஏற்றினேன். கடைசியாக நின்ற அளவு இது, கிராமில்:

கிரேப்ஃப்ரூட் 0.35
பெர்கமாட் 0.30
மிளகு 0.30
பிங்க் பெப்பர் 0.15
இஞ்சி 0.05
வெட்டிவேர் 0.35
நாகர்மோத்தா 0.20
லாப்டனம் 0.15
பச்சௌலி 0.15
கேட், 1 சதவீதக் கரைசல் 0.20
ஆல்கஹால் 7.80

மேலே உள்ள ஐந்தும் சேர்ந்து 1.15 கிராம், 2 கிராம் கலவையில் 57 சதவீதத்துக்குச் சற்று மேல். தூய கேட் வெறும் 2 மில்லிகிராம். புகையின் வேலையை நாகர்மோத்தாவும் வெட்டிவேரும் எடுத்துக்கொண்டன. நாகர்மோத்தா நம் கோரைக்கிழங்கின் இனம். மண்ணும் மெல்லிய புகையும் அதற்குள்ளேயே இருக்கிறது, கேட் மாதிரி எல்லாவற்றையும் விழுங்காது.

முதல் பதினைந்து நிமிடம் பளிச்சென்று, திமிராக, காரமாக நிற்கிறது. நாற்பது நிமிடத்துக்குப் பக்கத்தில் கையை முகர்ந்தால் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. வாசனை போய்விட்டதோ என்று தோன்றும் அளவுக்கு. அப்புறம் ஈர மண்ணும் கரியும் கீழிருந்து எழுகின்றன. அந்த இடைவெளிக்காகத்தான் இவ்வளவும்.

இங்கே பாதுகாப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கிரேப்ஃப்ரூட், பெர்கமாட் போன்ற, பழத்தோலைப் பிழிந்து எடுக்கும் எண்ணெய்கள் சிலவற்றைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் கருகும். சாதாரண பெர்கமாட்டுக்கு இஃப்ரா வைத்திருக்கும் வரம்பு தோலில் தங்கும் பொருள்களில் 0.4 சதவீதம்தான், நான் போடுவது 3 சதவீதம். அதனால் அப்படிக் கருக வைக்கும் பெர்கப்டென் என்ற பொருளை நீக்கிய வகையைத்தான் வாங்கினேன், எஃப்சிஎஃப் என்று குப்பியில் போட்டிருக்கும். நிலவிலும் அதேதான். கிரேப்ஃப்ரூட்டுக்கு வரம்பு 4 சதவீதம், இதில் 3.5. எதைக் கலந்தாலும் முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் கழுத்துக்குப் போகிறேன்.

செலவைக் கணக்குப் பார்த்தால், 10 கிராம் குப்பி ஒன்றுக்குப் பொருள் செலவு மட்டும் நிலவுக்கு ஏறக்குறைய 600 ரூபாய், துறவிக்கு 440, கோபுரத்துக்கு 135. நிலவில் பாதிக்கு மேல் சந்தனமும் மல்லியும் தின்றுவிடுகின்றன: சந்தனம் 2 கிராம் 1,000 ரூபாய், குண்டுமல்லி 2 கிராம் 900, சாதிமல்லி 2 கிராம் 850. வெட்டிவேர் 10 கிராம் 900 ரூபாய்க்கு மூன்று சீட்டுக்கும் வந்தது. கெட்டுப்போனவற்றையும் தராசையும் குப்பிகளையும் சேர்த்தால் உண்மையான செலவு இதைவிடப் பல மடங்கு. தொடங்குபவர்கள் கோபுரத்தில் தொடங்கலாம். வீணானாலும் பெரிதாகக் கையைக் கடிக்காது.

அடுத்த முறை மாற்றப்போவது என்னவென்றால், கோபுரத்தை மற்ற இரண்டையும்போல நான்கு வாரம் ஊற வைக்க மாட்டேன். ஊற ஊற மேலே உள்ள கூர்மை மழுங்குகிறது, எலுமிச்சை வகைகள் காற்று பட்டுப் பழசாகின்றன. மூன்றாவது வாரத்தில் இடைவெளி சுருங்கிவிட்டதைத் தாளில் குறித்து வைத்திருக்கிறேன். அடிப்பகுதியை மட்டும் தனியாகக் கலந்து ஒரு மாதம் ஊற வைத்து, மேலே உள்ள ஐந்தையும் ஃபிரிட்ஜில் வைத்து, பயன்படுத்தப் போகும் வாரத்தில் இரண்டையும் சேர்க்கலாம் என்று இருக்கிறேன். துறவியில் தேவதாருவை 0.20-க்குக் குறைத்து, அந்த 0.10-ஐக் குந்துருக்கப் பிசினாகப் போட வேண்டும். எண்ணெய் பறந்த பிறகும் பனி கொஞ்சம் தங்கட்டும்.

சூரியனையும் மறுபடி எடுக்கிறேன். அந்தப் பழைய அட்டவணையில் சூரியனுக்குக் குந்துருக்கமும் இலவங்கப்பட்டையும் சொல்லியிருக்கிறது. பட்டை எண்ணெய் தோலை எரிக்கும், அதைத் தொடப் போவதில்லை. ஆனால் அந்தச் சீட்டில் நடப்பது உச்சிப் பொழுது. நிழல் இல்லை, நேரம் நகர்வதே தெரிவதில்லை. தொடக்கம் முதல் முடிவு வரை மாறாமல் ஒரே வெளிச்சமாக நிற்கும் வாசனை இயற்கைப் பொருள்களில் சாத்தியமா என்பதுதான் கேள்வி. குந்துருக்கம், சாம்பிராணி, கஸ்தூரி வெண்டை மூன்றையும் 4:3:1 என்ற விகிதத்தில் எடைபோட்டு இன்று காலை ஊற வைத்திருக்கிறேன்.